வீட்டு ஸ்கானரில் சனல்களைக் குழு பிரிக்க 9 குறிப்புகள்

நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்துறைப் பக்கம் வீட்டில் ஒருவர் கடலுக்குப் போனால், அவர் கரை சேரும்வரை மற்றவர்களுக்கு மனம் ஆறாது. படகுகளின் பேச்சைக் கேட்க வீட்டில் வைக்கும் வானொலி ஸ்கானர் ஒரு நேரத்தில் ஒரு சனலைத்தான் கேட்கும். தேவையில்லாத பேச்சில் அது நின்றுவிட்டால் அவசரக் குரல் தவறிப்போகும். அதைத் தவிர்க்கவே குழுக்கள்.

1. வாங்குமுன் உரிமத்தைப் பற்றித் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் விசாரியுங்கள். வானொலிக் கருவிகளை 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பொலிஸ், கடற்படை அலைவரிசைகளை எந்தக் குழுவிலும் போடாதீர்கள்.

2. முதலில் கொப்பியில் எழுதுங்கள், பிறகு பதியுங்கள். யூனிடன் பிசி125ஏடி போன்ற கருவியில் 10 குழுக்கள், குழுவுக்கு 50 இடங்கள். எல்லாவற்றையும் நிரப்ப வேண்டாம். சனல் குறையக் குறையச் சுற்று சீக்கிரம் முடியும்.

3. முதல் குழு கடல் அவசரத்துக்கு. சனல் 16 (156.800 மெகாஹேர்ட்ஸ்) அபாய அழைப்புக்கு, 6 (156.300) கப்பல்களுக்கிடையிலும் தேடி மீட்கும் வேலைக்கும், 13 (156.650) கப்பல்களின் பாதுகாப்பான போக்குவரத்துக்கு. 70ஐ விட்டுவிடுங்கள்; அதில் டிஜிட்டல் சமிக்ஞைதான் வரும், பேச்சு வராது.

4. 16ஐ முன்னுரிமைச் சனலாக்குங்கள். வேறு சனலில் நின்றாலும் கருவி இடைக்கிடை அதை எட்டிப்பார்க்கும்.

5. இரண்டாம் குழு உங்கள் கரைப் படகுகளுக்கு. எந்தச் சனலில் பேசுகிறார்கள் என்று கடற்றொழிலாளர் சங்கத்திலோ சம்மாட்டியிடமோ கேட்டுப் பதியுங்கள். கைத்தொலைபேசி மட்டும் கொண்டுபோகும் படகு ஸ்கானரில் கேட்காது.

6. மூன்றாம் குழு திருவிழாக் காலத்துக்கு. நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கும் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கும் குறிகட்டுவானில் படகுகள் கூடும்; அவை பேசும் சனல்களை இதில் பதியுங்கள். அந்த நாட்களில் மட்டும் இந்தக் குழுவைத் திறந்து, முடிந்ததும் மூடிவிடுங்கள்.

7. வானிலைப் பொத்தானை நம்பாதீர்கள். அது தேடுவது வட அமெரிக்க நிலையங்களை. சோளகம் வீசும் காலத்தில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைச் சாதாரண வானொலியில் கேளுங்கள்.

8. அன்ரனாவை உயர்த்துங்கள். தீவகம் தட்டை நிலம் என்பதால் உயரம்தான் தூரம். 9 மீற்றர் உயரத்தில் வைத்தால் வானொலி அடிவானம் ஏறக்குறைய 12 கிலோமீற்றர் விரியும். உப்புக்காற்றில் இணைப்பு துருப்பிடிக்கும். துடைத்து, நீர் புகாத நாடா சுற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடி முழங்குமுன் வயரைக் கழற்றிவிடுங்கள். அன்ரனாவைச் சரிசெய்தும் ஓயாமல் இரையும் சனலை அன்றைக்கு மட்டும் விலக்கி வைக்கலாம். 16ஐ ஒருபோதும் விலக்காதீர்கள்.

9. ஸ்கானரால் கேட்கத்தான் முடியும், பதில் சொல்ல முடியாது. அபாய அழைப்புக் கேட்டால் நேரம், படகின் பெயர், இடம், ஆட்களின் எண்ணிக்கை நான்கையும் உடனே எழுதிக்கொண்டு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள். அந்த இலக்கத்தைக் கருவியின் மேலேயே ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் பிள்ளைகளும் பார்த்து அழைக்கலாம்.