பூனைக்கு ஒரு தானியங்கிக் கழிவுப் பெட்டி

மாணவர்களே! பூனை மண்ணைத் தோண்டித் தன் கழிவை மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். மாடி வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்கு மண் ஏது? அதற்காகத் தட்டில் குருணை பரப்பி வைக்கிறார்கள். அமெரிக்காவில் மணலும் சாம்பலும் இதற்குப் பயன்பட்டு வந்தன. 1947-ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த எட்வர்டு லோவ், நீரை உறிஞ்சும் களிமண் குருணையை இதற்கென விற்கத் தொடங்கினார். இன்று தட்டைத் தானே சுத்தம் செய்யும் மின்பொறிகளும் வந்துவிட்டன. இவற்றுள் நல்லதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

குருணை கட்டியாவது ஏன்?

இப்பொறிகள் பலவற்றில் பாதி வேலையைச் செய்வது குருணையே. பெண்டோனைட் என்னும் களிமண், மெல்லிய தகடுகளை அடுக்கி வைத்தது போன்ற அமைப்புடையது. தகடுகளுக்கிடையே சோடியம் அயனிகள் உள்ளன. ஈரம் பட்டதும் நீர் மூலக்கூறுகள் அவற்றினிடையே புகுகின்றன. களிமண் உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிறது.

சில பொறிகளில் சீப்பு போன்ற ஒரு வாரி கட்டியை இழுத்துச் சென்று மூடிய அறையில் தள்ளுகிறது. வேறு சிலவற்றில் உருளை சுழன்று சலிக்கிறது. கட்டி இறுகச் சில நிமிடங்கள் வேண்டும். அதற்குள் பொறி இயங்கினால் கட்டி உடைந்து அப்பிக்கொள்ளும். எனவே, காத்திருக்கும் நேரத்தை மாற்றியமைக்க இயலும் பொறியே நல்லது.

பூனைக்குப் பாதுகாப்பா?

பூனை உள்ளே இருப்பதை எடையைக் கொண்டோ, அகச்சிவப்புக் கதிரைக் கொண்டோ பொறி அறிகிறது. எடையை மட்டும் நம்பும் பொறிக்குச் சிறு குட்டி இருப்பது தெரியாமல் போகலாம். குறைந்தபட்ச எடை எவ்வளவு என்று விளக்கக் குறிப்பில் பாருங்கள். குட்டி அந்த எடையை அடையும்வரை தானியங்கு முறையை நிறுத்தி வையுங்கள். தடை ஏற்பட்டால் பொறி உடனே நிற்கிறதா என்பதையும் ஒரு துணிச்சுருளை வைத்துச் சோதித்து அறியலாம்.

பொறி செய்யாத வேலை

டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி தொற்றிய பூனையின் மலத்தில் அதன் முட்டையுறைகள் வெளிவரலாம். அவை நோய் பரப்பும் ஆற்றலைப் பெற 1 முதல் 5 நாள்கள் ஆகும். கழிவை நாள்தோறும் அகற்றச் சொல்வது இதனால்தான். பொறி கழிவைத் தட்டிலிருந்து அறைக்கு மாற்றுகிறதே தவிர, வீட்டைவிட்டு வெளியேற்றுவதில்லை. ஆகவே அறை பெரிதா என்பதைவிட, நாள்தோறும் எளிதாகக் கழற்ற வருகிறதா என்பதே முக்கியம். அகற்றியபின் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். இந்த ஒட்டுண்ணி கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும். எனவே கருவுற்ற பெண்கள் இவ்வேலையைப் பிறரிடம் விட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் குறுகலானது. அது அடைபட்டால் ஓரிரு நாள்களில் உயிரே போகலாம். பூனை அடிக்கடி தட்டுக்குப் போகும். ஆனால் சிறுநீர்க் கட்டி இராது. தட்டைக் கையால் சுத்தம் செய்பவர் இதை உடனே கவனிப்பார். பொறியை நம்பி அறையைத் திறந்தே பார்க்காதவருக்கு இது தெரியாது. அத்தகைய அறிகுறி கண்டால், காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

சிந்திக்க: கட்டியாகும் குருணைக்குப் பதிலாக ஆற்று மணலை இப்பொறியில் இட்டால் என்ன நேரும்? மேலே படித்ததைக் கொண்டு விடை காணுங்கள்.