கோழிக்குஞ்சுக்குப் பாதுகாப்பான சூடு: அந்தமானின் கராச்சர்மாவில் தொடங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

எவ்வளவு சூடு வேண்டும்?

நமக்கே வேர்த்துக் கொட்டும் ஊரில் குஞ்சுக்கு எதற்குப் பல்பு என்று பலர் கேட்கிறார்கள். பொரிந்த குஞ்சுக்கு இறகு கிடையாது, மென்முடி மட்டும்தான். முதல் வாரம் அதன் முதுகு உயரத்தில் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். மழைக்கால இரவில் இங்கே 24 டிகிரிக்கு இறங்கினாலே, ஈரக்காற்றில் குஞ்சு நடுங்கும். நம் ஊர் மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்துவரும் நிக்கோபாரிக் கோழியின் குஞ்சானாலும் சரி, மெயின்லேண்டிலிருந்து வந்த வனராஜா குஞ்சானாலும் சரி, கணக்கு ஒன்றுதான்.

அடைக்கோழி இருக்கிறதா?

இருந்தால் வேறெதுவும் வாங்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளை அது தானே அணைத்துக்கொள்ளும்.

பல்பு கட்டும் முறை

எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், குஞ்சுக்குப் போதுமான சூடு தராது. பழைய குண்டு பல்புதான் வேண்டும். குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் தாராளம். 20 குஞ்சுக்கு 40 வாட்டில் இரண்டு போடுங்கள். ஒன்று ஃபியூஸானாலும் மற்றது எரியும்; பகலில் ஒன்றை அணைத்துவிடலாம். 250 வாட் அகச்சிவப்பு விளக்கு பெரிய கொட்டகைக்கானது. சின்ன அட்டைப்பெட்டியில் அதைத் தொங்கவிடுவது தீயை வரவழைப்பதுதான். டெஃப்ளான் பூச்சுள்ள பல்பு வேண்டவே வேண்டாம்: சூடானால் வரும் புகை குஞ்சுகளைக் கொன்றுவிடும்.

பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும், பீங்கான் ஹோல்டர் வாங்குங்கள். பல்பை ஒயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் மாட்டி, அறுந்தாலும் விழாதபடி இன்னொரு கம்பியாலும் கட்டுங்கள். கீழே பரப்பியிருப்பது உமி. அதில் பல்பு விழுந்தால் கொட்டகையே போய்விடும். ஒயர் இணைப்பில் சாரல் படக்கூடாது.

கரி அடுப்பு?

மழைக்குக் கதவு, ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கும் கொட்டகையில் கரிச்சட்டி வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையில்லை. குஞ்சுக்கு மட்டுமல்ல, உள்ளே போகும் ஆளுக்கும் ஆபத்து.

கரண்ட் போனால்?

தீவில் இதை முதலிலேயே யோசித்துவிடுங்கள். வெந்நீர் நிரப்பிய பாட்டிலை இறுக மூடி, துணி சுற்றி நடுவில் வையுங்கள். குஞ்சுகள் அதை ஒட்டிப் படுக்கும். ஆறினால் மாற்றுங்கள். காற்றுக்கு இடம் விட்டு மேலே சாக்கால் மூடுங்கள்.

குஞ்சைப் பார்த்துத் திருத்துங்கள்

தெர்மாமீட்டரைவிடக் குஞ்சை நம்பலாம். பல்புக்கடியில் குவிந்து கீச்சிட்டால் குளிர், பல்பை இறக்குங்கள். ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், ஏற்றுங்கள். எல்லாம் ஒரே பக்கம் ஒண்டினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வருகிறது. இறைந்து பரவி மேய்ந்தால் தொடாதீர்கள். தடுப்பு வட்டமாக இருக்கட்டும். மூலை இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுத் திணறிச் சாகும்.

நான்காவது வாரம் இறகு மூடியதும் பகல் பல்பை நிறுத்திவிடலாம். மழை விடாத இரவுகளில் மட்டும் ஒன்று எரியட்டும்.