ஈயமும் இல்லமும்: இரத்தப் பரிசோதனை குறித்து அறிய வேண்டியவை

ஈயம் என்னும் சொல் நம் இல்லங்களுக்குப் புதியதன்று. பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுவதையும் ஈயச் சொம்பில் ரசம் வைப்பதையும் நாம் அறிவோம். அங்கே ஈயம் எனப்படுவது வெள்ளீயம். இக்கட்டுரையில் நாம் பேசவிருப்பது காரீயம் என்னும் வேறோர் உலோகத்தைப் பற்றி. வெள்ளீயத்தோடு காரீயம் கலந்த மலிவான பாத்திரங்களும் விற்கப்படுவதால், இவ்வேறுபாட்டை நினைவிற்கொள்வது நன்று. இனி இக்கட்டுரையில் ஈயம் என்பது காரீயத்தையே குறிக்கும்.

மனித உடலுக்கு ஈயத்தால் எப்பயனும் இல்லை. பாதுகாப்பானது என்று கூறத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு.

யாருக்கு இடர் மிகுதி?

பழைய பேட்டரிகளைப் பிரித்து ஈயத் தகடுகளை எடுப்போர், அவற்றை உருக்கும் பட்டறையில் பணிபுரிவோர், பேட்டரி தயாரிப்போர், பழைய பெயின்டைச் சுரண்டி எடுப்போர், ஈயம் கொண்டு பற்றவைப்போர் ஆகியோர் இவ்வரிசையில் முதன்மையானவர்கள். ஈயப் புகையும் தூளும் மூச்சுவழி நுரையீரலை அடைகின்றன. கழுவாத கையால் உண்ணும் உணவு, புகைக்கும் பீடி, மெல்லும் வெற்றிலை ஆகியவற்றின் வழியே வயிற்றையும் அடைகின்றன.

பட்டறையோடு இவ்விடர் முடிந்துவிடுவதில்லை. ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தந்தை பேட்டரி பட்டறையில் பணிபுரிகிறார். மாலையில் அதே சட்டையுடன் வீடு திரும்புகிறார். இரண்டு வயது மகள் ஓடிவந்து அவர் மடியில் ஏறுகிறாள். தாய் அச்சட்டையை உதறி, வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கிறார். தரையில் படிந்த தூள் குழந்தையின் கையில் ஒட்டுகிறது. கை வாய்க்குச் செல்கிறது. விழுங்கிய ஈயத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கையே பெரியவர் உடல் ஈர்க்கிறது; சிறு குழந்தையின் உடலோ பாதியளவு வரை ஈர்க்கக்கூடும். இரும்புச்சத்து குறைந்த குழந்தையாயின் ஈர்ப்பு இன்னும் மிகும். பட்டறையை ஒருநாளும் காணாத அக்குழந்தை, பட்டறையின் நஞ்சை ஏற்கிறது.

ஆகவே, தொழிலாளியின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருப்பின், வீட்டிலுள்ள சிறு குழந்தைகளையும் கருவுற்ற தாயையும் பரிசோதிக்க வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துகிறோம்.

அறிகுறிகள் தோன்றும்வரை காத்திருக்கலாகாது

வயிற்று வலி, மலச்சிக்கல், தலைவலி, சோர்வு, இரத்தசோகை, மணிக்கட்டுத் தளர்ச்சி ஆகியன ஈய நஞ்சேற்றத்தின் அறிகுறிகள். இவை பெரும்பாலும் காலங்கடந்தே தோன்றுகின்றன. அதற்கு முன்னரே பெரியவர்களிடம் இரத்த அழுத்தமும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். குழந்தைகளிடம் பாதிக்கப்படுவது வளரும் மூளை: கவனம் குறைகிறது, கற்கும் திறன் தாழ்கிறது. இவ்விழப்பு மீண்டும் முழுமையாக ஈடு செய்யப்படுவதில்லை. பார்வைக்கு நலமாயிருக்கும் குழந்தையின் நிலையை இரத்தப் பரிசோதனை ஒன்றே உணர்த்தும்.

பரிசோதனை எவ்வாறு செய்யப்படுகிறது?

முழங்கை மடிப்பில் உள்ள சிரையிலிருந்து சிறிதளவு இரத்தம் எடுக்கப்படுகிறது. வெறும் வயிற்றுடன் வர வேண்டியதில்லை. விரல் நுனியில் குத்தி எடுக்கும் முறையும் உண்டு. ஆயினும் தோலில் ஒட்டிய தூள் இரத்தத்துளியில் கலந்து அளவை உயர்த்திக் காட்டக்கூடும். அம்முறையில் மிகுதி எனத் தெரிந்தால் சிரை இரத்தத்தால் உறுதி செய்தல் வேண்டும். வழக்கமான இரத்த அணுப் பரிசோதனை ஈயத்தின் அளவைக் காட்டாது.

புதிய ஈயம் உட்புகாதபோது, இரத்தத்தில் உள்ள அளவு ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறையலாம். எனவே இறுதியாக என்று பணிக்குச் சென்றீர்கள் என்பதை மருத்துவரிடம் கூறுங்கள். நீண்ட விடுப்பிற்குப் பின் வந்த குறைந்த எண், பட்டறை பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகாது. உடலில் சேர்ந்த ஈயத்தின் பெரும்பகுதி எலும்பில் பல்லாண்டுகள் தங்குகிறது. கருவுற்ற காலத்தில் அது எலும்பிலிருந்து வெளிப்பட்டுச் சிசுவையும் அடையும்.

எண் கூறுவது யாது?

ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் எத்தனை மைக்ரோகிராம் ஈயம் உள்ளது என்பதே முடிவாகத் தரப்படுகிறது. அவ்வளவு 5 அல்லது அதற்கு மேல் இருப்பின், ஈயம் எங்கிருந்து வருகிறது எனக் கண்டறிந்து அதனைத் தடுக்க வேண்டும் என 2021ஆம் ஆண்டின் உலக சுகாதார அமைப்பு வழிகாட்டுதல் கூறுகிறது. பத்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 45 அல்லது அதற்கு மேல் இருப்பின், ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் பரிந்துரைக்கப்படுகின்றன.

மேற்கூறிய குடும்பத்தில் மகளின் அளவு 14 எனக் கொள்வோம். அவளுக்கு அம்மருந்து தேவைப்படாது. அதனால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கருதிவிடலாகாது. அவளுக்குரிய மருத்துவம், ஈயம் வீட்டிற்குள் வரும் வழியை அடைப்பதும், இரும்புச்சத்தைச் சீர்செய்வதும், ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் மீண்டும் பரிசோதிப்பதும் ஆகும். மருந்து தேவைப்படுவோருக்கும் வழியை அடைப்பதே முதற்பணி. அவ்வழி திறந்திருக்கும்வரை அளவு மீண்டும் ஏறும்.

இல்லத்தில் கடைப்பிடிக்க வேண்டியவை

• பணியிடத்திலேயே குளித்து உடை மாற்றி வருதல்; இயலாவிடில் வீட்டிற்கு வெளியே உடை மாற்றிக் குளித்த பின்னரே குழந்தையைத் தூக்குதல்.
• பணி உடையை உதறாது, தனியே துவைத்தல். செருப்பை வெளியே விடுதல்.
• துடைப்பத்தால் பெருக்குவதைத் தவிர்த்து, ஈரத்துணியால் தரையைத் துடைத்தல்.
• உண்ணுமுன் சோப்பிட்டுக் கை கழுவுதல். பட்டறைக்குள் உண்ணாமை, புகையாமை.
• பேட்டரியை வீட்டிலோ முற்றத்திலோ பிரிக்காமை, உருக்காமை.
• கீரை, கேழ்வரகு, பால், நெல்லிக்காய் முதலியவற்றைக் குழந்தைக்கு அளித்தல். இவை துணை செய்யுமேயன்றி மேற்கண்டவற்றிற்கு மாற்றாகா.

வேலை போய்விடுமோ?

பரிசோதனைக்கு வரத் தயங்கும் தொழிலாளர் பலரின் உள்ளத்தில் இருப்பது ஊசியைப் பற்றிய அச்சமன்று. வேலையைப் பற்றிய அச்சமே. அது நியாயமான அச்சம் என்பதை நாங்கள் அறிவோம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், அறிவிக்கப்பட வேண்டிய தொழில்சார் நோய்களுள் ஈய நஞ்சேற்றத்தையும் சேர்த்தது. அவ்வறிவிப்பின் நோக்கம் பணியிடத்தைத் திருத்துவதே, தொழிலாளியைத் தண்டிப்பதன்று. முடிவு வந்தபின் யாரிடம், எவ்வாறு பேசுவது என்பதையும் உங்கள் மருத்துவரோடு கலந்து முடிவு செய்யலாம்.

குடும்பத்திற்காக உழைப்பவர், தாம் அறியாமலேயே அக்குடும்பத்திற்கு நஞ்சைக் கொணர்வது எவருடைய குற்றமுமன்று. அறிந்தபின் அதனைத் தடுப்பது நம் அனைவரின் கையிலும் உள்ளது. அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, எவ்விதப் பணி செய்கிறீர்கள் என்பதை நாங்கள் கேட்கும் முன்பே கூறுங்கள். குழந்தையையும் உடன் அழைத்து வாருங்கள்.