தொலைக்கல்வியில் தூரம் என்பது எது?

1926ஆம் ஆண்டில், பள்ளிக்கூடம் எட்டாத வட ஒன்ராறியோக் குடியிருப்புகளில் வாழ்ந்த சிறுவர்களுக்காக மாகாணக் கல்வித் திணைக்களம் அஞ்சல்வழிப் பாடங்களைத் தொடங்கியது. பாடம் தபாலில் சென்றது. மாணவர் எழுதிய விடை தபாலில் திரும்பியது. ஆசிரியர் அதைத் திருத்தி, குறிப்பெழுதி, மீண்டும் அனுப்பினார். அப்பணியின் தொடர்ச்சியே இன்று ரி.வி.ஓ. நடத்தும் சுயாதீனக் கற்றல் நிலையம். வயதுவந்தோரும் அங்கு இணையவழியே உயர்நிலைப் பள்ளிப் பாடங்களைப் பயின்று, ஒன்ராறியோ இடைநிலைப் பள்ளி டிப்ளோமாவைப் பெறலாம்.

இணையவழிக் கல்வி இன்று நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. 2020-21 கல்வியாண்டிலும் அதன் பின்னரும் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த மாணவர்கள் டிப்ளோமா பெறுவதற்கு இரண்டு இணையவழிப் பாடங்களில் சித்தியடைதல் வேண்டும். விரும்பாத பெற்றோர் விலக்குக் கோரலாம். ஆயினும், ஆர்வத்துடன் தொடங்கும் பலர் இடையிலேயே நின்றுவிடுகின்றனர். இதன் காரணத்தை அறியக் கற்றல் கோட்பாடு ஒன்று துணைபுரிகிறது.

தொலைக்கல்வி அறிஞர் மைக்கேல் மூர், கல்வியில் தூரம் என்பது கிலோமீற்றரால் அளக்கப்படுவதன்று என்றார். ஆசிரியரின் விளக்கத்திற்கும் மாணவரின் விளக்கத்திற்கும் இடையே தோன்றும் இடைவெளியே உண்மையான தூரம். அதனை மூன்று கூறுகள் தீர்மானிக்கின்றன.

முதலாவது, உரையாடல். வினாவும் மறுமொழியும் பெருகும்போது தூரம் குறைகிறது.

இரண்டாவது, பாடத்தின் கட்டமைப்பு. ஒவ்வொரு படியும் முன்கூட்டியே இறுக்கமாக வகுக்கப்பட்டிருப்பின், தனி மாணவரின் ஐயத்திற்கு இடம் குறைகிறது.

மூன்றாவது, கற்பவரின் தன்னாட்சி. தூரம் கூடும்போது, தாமே திட்டமிட்டுப் பயிலும் ஆற்றலும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இந்த அளவுகோலின்படி, கேள்வி கேட்க வழியில்லாத ஒளிப்பதிவுப் பாடத்தைவிட, ஆசிரியர் கைப்பட எழுதிய பழைய தபால் குறிப்பே மாணவருக்கு அண்மையில் இருந்தது எனலாம். விரைவான இணைய இணைப்பு மட்டும் தூரத்தைக் குறைப்பதில்லை. அதன் வழியே நிகழும் உரையாடலே குறைக்கிறது.

ஆகவே, பாடநெறியில் சேருமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: என் ஐயங்களுக்கு யார் பதிலளிப்பார்? எத்தனை நாட்களுக்குள் பதில் கிடைக்கும்? ஒப்படைகளுக்கான இறுதி நாட்கள் எவை? முதல் வாரத்திலேயே ஆசிரியருக்கு ஒரு கேள்வியேனும் எழுதுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோருக்கு எழுத்து நல்ல துணை. சிந்தித்து, சொல் தேடி, திருத்தி அனுப்ப அவகாசம் உண்டு. வாரத்தில் எந்நாளில் எந்நேரம் படிப்பது என்பதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

பெற்றோர்க்கும் இதில் பங்குண்டு. பிள்ளை கணினியின் முன் அமர்ந்திருப்பது மட்டுமே படிப்பாகாது. "படித்தாயா?" என்பதற்குப் பதிலாக, "இன்று ஆசிரியரிடம் என்ன கேட்டாய்?" என்று வினவிப் பாருங்கள். பதில் இல்லையெனில், தூரம் வளர்கிறது என்பதற்கு அதுவே முதல் அறிகுறியாகலாம்.

வீட்டில் கணினியோ இணைய வசதியோ இல்லாதவர்கள் ரொறன்ரோ பொது நூலகக் கிளைகளில் அவற்றை இலவசமாகப் பயன்படுத்தலாம். நகரில் வசிப்போர்க்கு நூலக அட்டையும் இலவசமே. உங்கள் பகுதியிலுள்ள வளர்ந்தோர் கல்விச் சேவைகளை அறிய 211 என்ற எண்ணை அழையுங்கள். மொழிபெயர்ப்பாளரின் உதவியுடன் தமிழிலும் உரையாடலாம்.