நினைவுச் சின்னமும் பார்வையாளர் நிலையமும்

பழம்பெரும் நினைவுச் சின்னத்தின் அருகே பார்வையாளர் நிலையம் அமைப்போர்க்குக் கடமைகள் இரண்டு. சின்னத்தின் வரலாற்றை வருவோர்க்கு விளக்குதல் ஒன்று. அதன் தோற்றத்தை மறைக்காதிருத்தல் மற்றொன்று. உயர்ந்த கட்டடத்தில் கூடங்கள் பல அமையலாம். ஆனால் அதுவே சின்னத்தைச் சிறிதாக்கிவிடும்.

டில்லியிலுள்ள ஹுமாயூன் கல்லறை இதற்குத் தக்க சான்று. 16ஆம் நூற்றாண்டில் எழுந்த இச்சின்னம் 1993இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இதனை அடுத்து 2024இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் நிலத்துக்குக் கீழே அமைந்துள்ளது. வட இந்தியாவில் 'பாவ்லி' எனப்படும் படிக்கிணறே அதற்கு முன்மாதிரி. வருவோர் சாய்தளத்தின் வழியே இறங்கிக் கூடங்களை அடைகின்றனர். மேலே குவிமாடத்தின் தோற்றம் குன்றுவதில்லை.

சின்னத்தில் அருகிருந்து காண இயலாததை நிலையம் காட்டுதல் வேண்டும். 2014ஆம் ஆண்டுப் புயற்காற்றில் குவிமாட உச்சியினின்று வீழ்ந்த பழைய கலசம் இங்கு வைக்கப்பட்டுள்ளது. கீழிருந்து நோக்குவோர்க்குச் சிறிதாகத் தோன்றிய அது ஏறத்தாழ 18 அடி உயரமுடையது.

எனினும், நிலத்தடி அமைப்பு எவ்விடத்துக்கும் பொருந்தாது. நீர்மட்டம் உயர்ந்த இடங்களில் கசிவு நேரும். தொல்பொருள் புதைந்த நிலத்தைத் தோண்டினால் சான்றுகள் அழியும். இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்சுக்குரிய நிலையம் 2013இல் கற்களினின்று சுமார் 2 கிலோமீட்டர் தொலைவில், அவற்றின் பார்வைக்கு அப்பால் அமைக்கப்பட்டது.

ஆதலின், களப்பணியாளர் இடந்தேர்வதற்கு முன் சின்னத்தின் வாயிலில் நின்று நாற்புறமும் நோக்குதல் வேண்டும். ஆசிரியர்கள் மாணவரை முதலில் நிலையத்துக்கும் பின்னர்ச் சின்னத்துக்கும் அழைத்துச் செல்லுதல் நன்று.