மழை லில்லி: விதை போட்டும் வளர்க்கலாம்

கோடை மழை கொட்டித் தீர்த்த சில நாட்களில் தொட்டி நிறையப் பூத்து நிற்கும் மழை லில்லியைப் பலரும் கிழங்கு வாங்கித்தான் வைக்கிறார்கள். விதையிலும் சுலபமாக வரும். விதை மட்டும் புதிதாக இருக்க வேண்டும்.

முதலில் ரகம். மஞ்சள் பூ ரகம் தானாகவே நிறையக் காய் பிடிக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதுதான் சரி. பெரிய ரோஸ் நிறப் பூ ரகம் நம் தோட்டங்களில் பெரும்பாலும் காய்ப்பதில்லை.

பூ வாடியதும் காம்பைக் கிள்ளிவிடாதீர்கள். அதன் நுனியில் மூன்று புடைப்புள்ள பச்சைக் காய் திரளும். மூன்று, நான்கு வாரங்களில் பழுத்து வெடிக்கும். உள்ளே கருகருவென்று, காகிதம்போல் மெலிந்த தட்டை விதைகள் அடுக்கி வைத்தாற்போல் இருக்கும். காற்றடித்தால் போய்விடும். அதனால் காய் மஞ்சளிக்கத் தொடங்கியதும் மெல்லிய துணிப்பையைக் கட்டிவிடுங்கள்.

எடுத்த விதையை அந்த வாரமே விதையுங்கள். டப்பாவில் மாதக்கணக்கில் வைத்தால் முளைப்புத்திறன் போய்விடும். பழைய விதைப் பாக்கெட்டுகளை நம்பவே வேண்டாம்.

செம்மண், மணல், மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் ஓட்டையுள்ள தொட்டியில் நிரப்புங்கள். விதைகளைப் பரப்பி, மேலே கால் அங்குலம் மண் தூவி, தெளிப்பானால் நனையுங்கள். உச்சி வெயில் படாத இடம் போதும். மண் காயவும் கூடாது, சொதசொதவென்றும் இருக்கக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் முளைக்கும். விதை நல்லதுதானா என்று பார்க்க, சிலவற்றைக் கிண்ணத்து நீரில் மிதக்கவிடலாம். வெள்ளை வேர் எட்டிப் பார்த்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.

நாற்று அச்சு அசல் புல் மாதிரியே இருக்கும். களையென்று நினைத்துப் பிடுங்கி எறிவதில்தான் பாதி நாற்று போகிறது. கிட்டத்தில் பாருங்கள்: புல்லில் கணு இருக்கும், லில்லி இலை கணுவில்லாமல் சற்றுச் சதைப்பிடிப்போடு நிமிர்ந்து நிற்கும்.

மூன்று, நான்கு மாதத்தில் நல்ல வெயிலுக்கு மாற்றுங்கள். ஆறு அங்குலத் தொட்டியில் எட்டுப் பத்துச் செடிகள் நெருக்கமாகவே இருக்கட்டும். நெருக்கம் இதற்குப் பிடிக்கும். இலையைத் தின்னும் புழுக்களைக் கையால் பொறுக்கினாலே போதும்.

பூக்க ஓராண்டு, இரண்டாண்டு ஆகலாம். வளர்ந்த கிழங்கைச் சில வாரம் காயவிட்டு, பிறகு தொட்டி நிறைய நீர் ஊற்றினால் மொட்டு விடும்.

சின்ன வெங்காயம் போலிருக்கும் இதன் கிழங்கில் நச்சு உண்டு. குழந்தைகளுக்கும் நாய், பூனைக்கும் எட்டாத இடத்தில் தொட்டியை வையுங்கள்.