நன்மை செய்யும் பாக்டீரியா: ஆய்வும் தொழிலும்

விஞ்ஞானி ஒருவர் தமது அறிவைத் தொழிலாக்குவது கொல்கத்தாவிற்குப் புதிதன்று. வேதியியல் பேராசிரியர் பிரபுல்ல சந்திர ராய் 1892-இல் தொடங்கிய சிறு முயற்சியே 1901-இல் பெங்கால் கெமிக்கல்ஸ் என்னும் மருந்து நிறுவனமாக உருப்பெற்றது. 1980-இல் அது நாட்டுடைமையாயிற்று.

குடல் பாக்டீரியாவைக் கொண்டு உடல்நலம் காக்கும் தொழில் இதனினும் கடினமானது. ரசாயனப் பொருளின் தூய்மையைச் சோதனைக்கூடத்திலேயே அளந்துவிடலாம். உயிருள்ள பாக்டீரியாவின் பயனையோ மக்களிடையே சோதித்த பின்னரே அறிய இயலும்.

கொல்கத்தாவின் சேரிப் பகுதி ஒன்றில் அத்தகைய சோதனை நடந்தது. தேசிய காலரா மற்றும் குடல் நோய்கள் நிறுவனம் என்ற பெயரில் அப்போது இயங்கிய ஆய்வு நிறுவனம் அதனை மேற்கொண்டது. 1 முதல் 5 வயது வரையுள்ள 3,758 குழந்தைகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு லாக்டோபேசில்லஸ் வகை பாக்டீரியா கலந்த பானமும், மறு பிரிவினருக்கு அது கலவாத சத்துப் பானமும் 12 வாரம் அளிக்கப்பட்டன. 2011-இல் வெளியான முடிவின்படி வயிற்றுப்போக்கு 14 விழுக்காடு குறைந்தது. பயன் உண்டு, ஆனால் அது தூய குடிநீருக்கும் கழிவுநீர் வடிகாலுக்கும் ஈடாகாது.

ஒடிசாவின் கிராமங்களில் பிறந்த 4,556 சிசுக்களிடையே நடந்த ஆய்வின் முடிவு 2017-இல் வெளியாயிற்று. அங்கு வேறொரு லாக்டோபேசில்லஸ் இனம், அதற்கு உணவாகும் சர்க்கரைப் பொருளுடன் 7 நாள் கொடுக்கப்பட்டது. இரத்தத்தில் நச்சுக்கிருமி பரவும் நோயும் இறப்பும் சேர்ந்து 9 விழுக்காட்டிலிருந்து 5.4 விழுக்காடாகக் குறைந்தன. எந்த இனம், எந்த வயதினருக்கு, எந்த நோய்க்கு என்பதைப் பொறுத்தே பலன் அமைகிறது என்பது இவ்விரு ஆய்வுகளாலும் விளங்கும்.

பொருளாதாரச் சிக்கல் இங்குதான் எழுகிறது. ஆயிரக்கணக்கானோரிடம் சோதனை நடத்தப் பெருஞ்செலவாகும். வருவாயோ பின்னரே வரும். சோதனையின்றி விளம்பரத்தால் விற்பவர் இச்செலவைத் தவிர்த்து விடுகிறார். நேர்மையான தொழில்முனைவோர் போட்டியில் பின்தங்குகிறார்.

மத்திய அரசு 2012-இல் அமைத்த உயிரித் தொழில்நுட்பத் தொழில் ஆராய்ச்சி உதவிக் குழு, தொடக்க நிலை முயற்சிகளுக்கு 50 லட்சம் ரூபாய் வரை மானியம் வழங்கும் திட்டத்தை நடத்தி வந்துள்ளது. கருத்தினை மெய்ப்பிக்க இத்தொகை உதவும். பெருந்திரள் கள ஆய்வுக்குப் போதாது. எனவே கள ஆய்வுக்குப் பொதுநிதியும், ஆதாரமற்ற விளம்பரத்திற்குக் கண்டிப்பான தடையும் இணைந்து அமைதல் வேண்டும். அவ்வாறாயின் விஞ்ஞானியின் முயற்சியும் நிலைக்கும். ஏழைக் குடும்பத்தின் பணமும் வீணாகாது.